ஒட்டிக்கொண்ட ஆயில் சம்ப்பைக் கழற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் கார் பட்டறை நடத்துகிறேன். மாதத்தில் இரண்டு மூன்று பேராவது காருக்கு அடியில் படுத்தபடியே கைப்பேசியில் அழைத்து, "எல்லா போல்ட்டையும் எடுத்துவிட்டேன், சம்ப் வரமாட்டேன் என்கிறது" என்று சொல்கிறார்கள். வேலை பழக வரும் பையன்களும் இதையே கேட்கிறார்கள். அவசரப்பட்டு நெம்பியதால் விளிம்பு வளைந்துபோன சம்ப்புகள் என் பட்டறைச் சுவரோரம் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றில் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அதனால் இத்தனை ஆண்டுகளாகக் கேட்ட கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

சம்ப் என்கிறீர்கள், எங்கள் ஊர் மெக்கானிக் சேம்பர் என்கிறார். இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். இன்ஜினின் அடிவயிற்றில் தொட்டி போலத் தொங்கும் பாகம் அது. இன்ஜின் ஓடாதபோது ஆயில் முழுவதும் வடிந்து அதில்தான் தங்கும். சிறிய கார்களில் 3 லிட்டருக்கு முன்பின் பிடிக்கும். உள்ளே ஸ்ட்ரெய்னர் எனப்படும் வலை வாய் கொண்ட குழாய் ஒன்று தொட்டியின் தரையை ஒட்டி நிற்கும். ஆயில் பம்ப் அதன் வழியாகத்தான் உறிஞ்சுகிறது.

ஆயில் மாற்ற அடியில் ஒரு போல்ட் இருக்கிறதே. பிறகு எதற்குச் சம்ப்பையே கழற்ற வேண்டும்?

ஆயில் மாற்றுவதற்குக் கழற்ற வேண்டியதில்லை. வேகத்தடையிலோ கல்லிலோ இடித்துச் சம்ப் நசுங்கியிருந்தால், ட்ரெயின் போல்ட்டின் மரை தேய்ந்துபோயிருந்தால், ஸ்ட்ரெய்னரில் சகதி அடைத்து ஆயில் அழுத்தம் குறைந்தால், சம்ப் ஓரத்தில் கசிவு நிற்காமல் இருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

நசுங்கிய சம்ப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "சொட்டவில்லை, அதனால் பரவாயில்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தொட்டியின் தரை மேலே எழும்பி ஸ்ட்ரெய்னரின் வாயை அடைத்துக்கொண்டால், வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் ஆயில் இல்லாமல் காயும். அடி வாங்கிய சம்ப்பை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

அப்பா அம்பாசிடர் வைத்திருந்தபோது அரை மணி நேரத்தில் சம்ப்பை இறக்குவார். இப்போதைய கார்களில் மட்டும் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது?

உங்கள் அப்பா செய்தது உண்மைதான். அம்பாசிடரின் பழைய 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் சம்ப்புக்கும் பிளாக் எனப்படும் இன்ஜின் உடலுக்கும் நடுவே, கசிவைத் தடுக்கும் மெல்லிய பேக்கிங் இருந்தது. முன்னும் பின்னும் கார்க் துண்டுகள் இருந்தன. போல்ட்டை எடுத்துவிட்டு மரக் கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினால் பேக்கிங் பிய்ந்து சம்ப் கையில் வரும். ஆனால் கார்க் சில ஆண்டுகளில் சுருங்கிவிடும், ஆயில் சொட்டும். அம்பாசிடர் நின்ற இடத்தில் தரையில் கறை இருப்பதை அந்தக் காலத்தில் யாரும் குறையாக நினைக்கவில்லை.

பிறகு வந்த பெரும்பாலான இன்ஜின்களில் பேக்கிங்கே இல்லை. டியூப்பிலிருந்து பிதுக்கும் சிலிகான் பேஸ்ட்டைத் தடவி, உலோகத்தோடு உலோகத்தைச் சேர்த்து இறுக்குகிறார்கள். பேஸ்ட் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ரப்பராக இறுகுகிறது. அது முத்திரையும்தான், பசையும்தான். சொட்டாமல் காப்பது எதுவோ அதுவே கழற்றவிடாமல் பிடிப்பதும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி வேலை எளிது.

வீட்டு வாசலிலேயே இதைச் செய்யலாமா, சார்?

சமதளமான சிமென்ட் தரை, தரமான இரண்டு ஸ்டாண்டுகள், ஒரு முழு நாள் ஆகிய மூன்றும் இருந்தால் செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது. அவை எச்சரிக்கை காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஒட்டிய சம்ப்பைத் தட்டும்போதும் இழுக்கும்போதும் வண்டி ஆடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்டாண்டில் நிறுத்தியபின் வண்டியைப் பக்கவாட்டில் கையால் நன்றாக அசைத்துப் பார்த்துவிட்டு அடியில் போங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ வண்டியின் அடியில் படுக்க வைத்துவிடுங்கள்.

மண் தரையாக இருந்தால் இந்த வேலையை அங்கே தொடங்காதீர்கள்.

போல்ட்டில் கை வைப்பதற்கு முன் என்னென்ன முடித்திருக்க வேண்டும்?

பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை வடித்து, ஒரு மணி நேரமாவது சொட்ட விடுங்கள். அப்படி வடித்தாலும் தொட்டியின் மூலைகளில் ஒரு குவளை ஆயில் மிச்சம் இருக்கும். சம்ப்பில் ஆயில் மட்டத்தைப் பார்க்கும் சென்சார் இருந்தால் அதன் இணைப்பைக் கழற்றுங்கள். சம்ப்பின் ஓரம் முழுவதையும் பிரஷ்ஷும் டீசலும் கொண்டு கழுவித் துடையுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை, அடுத்தடுத்த பதில்களில் இதன் காரணம் தெரியும்.

ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் சம்ப்பின் வடிவத்தை வரைந்து, போல்ட் வரும் இடங்களில் துளை போட்டு வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் துளையில் குத்தி நிறுத்துங்கள். பல இன்ஜின்களில் நீளம் வேறுபட்ட போல்ட்டுகள் இருக்கும். நீளமானதைக் குட்டையான துளையில் போட்டு இறுக்கினால் பிளாக்கே வெடிக்கலாம். அட்டையில் ஒரு துளை காலியாக நின்றால் எங்கோ ஒரு போல்ட் பாக்கி என்பதும் தெரிந்துவிடும்.

அண்ணா, எல்லா போல்ட்டையும் எடுத்துவிட்டேன். ஆனாலும் அசையவே இல்லை. என்ன காரணம்?

முதலில் "எல்லா போல்ட்டையும்" என்ற சொல்லைச் சந்தேகப்படுங்கள். என்னை அழைப்பவர்களில் பலருக்கு ஒரு போல்ட் பாக்கியாகத்தான் இருக்கும். நான் வேலை பழகிய நாளில் ஒரு சம்ப்போடு காலையிலிருந்து மாலைவரை போராடினேன். கியர்பாக்ஸ் பக்கம் சேறு அப்பிய ஒரு குழிக்குள் ஒரு போல்ட் இருந்தது. நான் வளைத்த விளிம்புக்கு என் முதலாளி புதுச் சம்ப் வாங்கிப் போட்டார், என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை. அன்றிலிருந்து கழுவாத சம்ப்பில் நான் கை வைப்பதில்லை.

ஒளிந்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். கியர்பாக்ஸ் சேரும் பின்பக்கத்தில், பிளைவீல் என்ற பெரிய சுழல் தட்டை மறைக்கும் சிறு தகரத்துக்குப் பின்னால் இரண்டு போல்ட் இருக்கலாம். அலுமினியச் சம்ப் என்றால் கியர்பாக்ஸிலிருந்து சம்ப்புக்குள் கிடைமட்டமாகப் போகும் போல்ட்டுகள் தனியாக இருக்கும். அவை கீழிருந்து பார்த்தால் சம்ப் போல்ட் போலவே தெரியாது. முன்பக்கம், இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க்கின் புல்லிக்குப் பின்னால் ஒன்று மறைந்திருக்கலாம். சில இன்ஜின்களில் மூலைகளில் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட்டும் (தலையில்லாத மரைக்கம்பி) நட்டும் வரும். ஏசி கம்ப்ரஸரின் தாங்கி சம்ப்போடு சேர்ந்திருக்கும் வண்டிகளும் உண்டு.

கண்டுபிடிக்க ஒரு வழி: அடுத்தடுத்த போல்ட் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்தவை ஓரிடத்தில் மட்டும் இரு மடங்கு தள்ளிப் போனால், அந்த இடைவெளியில் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத் தேடுங்கள். விரலாலும் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பியது சில சமயம் விரலுக்குத் தட்டுப்படும்.

ஒரு போல்ட்டின் தலை மழுங்கிவிட்டது, இன்னொன்று ஒடிந்தே போய்விட்டது. வேலையை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். ஒடிந்த போல்ட்டைப் பார்த்துத்தான் புதியவர்கள் மிகவும் பயப்படுகிறார்கள், ஆனால் மழுங்கியதைவிட அது சுலபம். தலை போய்விட்டால் அது சம்ப்பைப் பிடித்திருக்காது. சம்ப்பை இறக்கியபின் பிளாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகினால், இறுக்கம் விட்டுப்போயிருப்பதால் பெரும்பாலும் எளிதாகச் சுழன்று வரும். பிளாக்கோடு சமமாக ஒடிந்திருந்தால்தான் லேத் பட்டறைக்காரரின் உதவி தேவைப்படும்.

மழுங்கிய தலைக்கு, ஓர் அளவு சிறிய ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றித் திருப்புங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டை இந்தச் சிறு போல்ட்டுகளில் பயன்படுத்தியதால்தான் பெரும்பாலும் தலை மழுங்குகிறது. துரு இருந்தால் முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் தலையை மட்டும் டிரில் போட்டு எடுத்துவிடலாம்.

பெரிய திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினால் வந்துவிடாதா?

வந்துவிடும். வரும்போது விளிம்பையும் வளைத்துக்கொண்டு வரும். தகரச் சம்ப்பின் விளிம்பு மெல்லிய தகடுதான். திருப்புளியின் முனை தொட்ட இடத்தில் அது கீழ்நோக்கி மடங்கும். பிளாக் அலுமினியமாக இருந்தால் அதன் முகத்தில் ஒரு பள்ளம் விழும். சம்ப்பைக் காசு கொடுத்து மாற்றிவிடலாம், பிளாக்கின் முகத்தில் விழுந்த பள்ளம் அந்த இன்ஜின் உள்ளவரை கசிந்துகொண்டே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்ப்பின் சுற்றளவு 120 செ.மீ., இறுகிய பேஸ்ட்டின் அகலம் 1 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 சதுர செ.மீ. பசை. ஒவ்வொரு சதுர செ.மீட்டரும் 10 கிலோ மட்டுமே தாங்கினாலும், நேராக இழுக்க 1,200 கிலோ விசை வேண்டும். ஒரு சிறிய காரையே அந்தப் பசையில் தொங்கவிடலாம். ஆனால் அதே பசையை ஓரத்திலிருந்து ஒரு கத்தியால் அறுத்தால், கத்தி முனை தொடும் மெல்லிய கோடு மட்டும்தான் எதிர்க்கும். பழுத்த பலாவைக் கையால் பிளப்பதற்கும் கத்தியால் பிளப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. எனவே இழுப்பதை மறந்துவிட்டு அறுக்கப் பாருங்கள்.

சரி, நெம்பக் கூடாது என்கிறீர்கள். பிறகு எப்படித்தான் பிரிப்பது? வரிசையாகச் சொல்லுங்கள்.

மூலைக்கு ஒன்றாக நான்கு போல்ட்டை மட்டும் திரும்ப மாட்டி, நான்கைந்து சுற்று மட்டும் ஏற்றி விடுங்கள். சம்ப் திடீரென விட்டால் முகத்தில் விழாது, மிச்ச ஆயில் உடம்பில் கொட்டாது.

அடுத்து, உற்பத்தியாளரே ஏதாவது வழி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். பல அலுமினியச் சம்ப்புகளில் மூலையில் காது போல ஒரு சிறு துருத்தல் இருக்கும், நெம்புவதற்கென்றே வார்த்தது அது. அந்த இடத்தில் மட்டும் நெம்பலாம். சிலவற்றில் எந்த போல்ட்டும் இல்லாத, மரை போட்ட துளை ஒன்றிரண்டு இருக்கும். அதில் பொருத்தமான போல்ட்டைப் போட்டு மெதுவாக இறுக்கினால் அது பிளாக்கைத் தள்ளி, சம்ப்பைத் தானே கீழே இறக்கும். இரண்டு துளை இருந்தால் மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்குங்கள்.

இவை இல்லை என்றால் பிளேடுதான். சம்ப் பிரிப்பதற்கென்றே கடையில் அகலமான மெல்லிய கட்டர் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் பெயிண்டர்கள் வைத்திருக்கும் நல்ல எஃகுப் பட்டித் தகடு போதும். நீளமான பக்கத்தின் நடுவில், இரண்டு போல்ட் துளைகளுக்கு இடையே வைத்து, சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டி ஏற்றுங்கள். விளிம்பின் அகலத்துக்கு மேல் உள்ளே போகக் கூடாது, உள்ளே ஸ்ட்ரெய்னரும் கிராங்க்கும் இருக்கின்றன. தகட்டில் பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டால் ஆழம் தெரியும். ஏறியதும் உள்நோக்கி அடிப்பதை நிறுத்திவிட்டு, தகட்டின் பக்கவாட்டில் தட்டி அதை விளிம்போடு நகர்த்துங்கள். தட்டத் தட்டப் பேஸ்ட் கிழியும் சத்தம் காதில் விழும். முன்பக்கத்து மூடியான டைமிங் கவர் சேரும் இடத்திலும், கிராங்க்கைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் பின்பக்கத்து ஆயில் சீலின் தாங்கி சேரும் இடத்திலும் தகட்டை விடாதீர்கள். அவை மெல்லிய அலுமினியம், பக்கத்திலேயே சீலும் இருக்கிறது.

இரண்டு நீளப் பக்கங்களும் அறுந்தபின், மூலைக்குப் பக்கத்தில் விளிம்பை ஒட்டி ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கி அடித்துப் பயனில்லை. மிச்சமிருக்கும் முன், பின் பகுதிகள் பெரும்பாலும் இந்தத் தட்டில் விட்டுவிடும்.

கட்டரும் உள்ளே ஏறமாட்டேன் என்கிறது. வேறு வழி உண்டா?

கம்பி முறை இருக்கிறது. முன்கண்ணாடி மாற்றுபவர்கள் கண்ணாடியை எப்படி அறுத்து எடுக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மெல்லிய எஃகுக் கம்பியை முன்னும் பின்னும் இழுப்பார்கள். அதே வேலைதான். ஒரு மூலையில் மட்டும் சிறிது திறப்பை உண்டாக்கி, கிடார் தந்தி போன்ற மெல்லிய எஃகுத் தந்தியை நுழைத்து, இரு முனைகளிலும் மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு ரம்பம் போல இழுங்கள். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம், தந்தி அறுந்தால் சவுக்கு போல வீசும்.

பொறுமை வேண்டும். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். ஆனால் உலோகத்தில் ஒரு கீறல்கூட விழாமல் பிரிக்கும் வழி எனக்குத் தெரிந்து இதுதான்.

பெட்ரோல் ஊற்றி ஊறவைத்தால், அல்லது சூடு காட்டினால் பேஸ்ட் இளகாதா?

பெட்ரோல் பட்டால் சிலிகான் ஊதிப் பலவீனமாகும் என்பது உண்மைதான். ஆனால் உலோகங்களுக்கு நடுவே இறுகிய பேஸ்ட்டின் ஓரம் மட்டும்தான் வெளியே தெரியும், பெட்ரோல் அதற்குள் எளிதில் இறங்காது. கிடைப்பது அற்பம். காருக்கு அடியில் பெட்ரோல் ஆவி நிற்க, நீங்கள் இரும்பை இரும்பால் தட்டிக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பேக்கிங் நீக்கும் ஸ்பிரே கடையில் கிடைக்கும், அதுவும் ஓரத்தில்தான் வேலை செய்யும்.

சூடு இன்னும் பயனற்றது. இந்தப் பேஸ்ட் 200 டிகிரி செல்சியசைத் தாங்குவதற்கென்றே தயாரிக்கப்படுகிறது. அதை இளக்கும் அளவுக்குத் தீ காட்டினால் உள்ளே மிச்சமிருக்கும் ஆயில் பற்றும், ஆயில் சீல் கருகும். சூடு உதவும் இடம் ஒன்றுதான். அலுமினியத்தில் துருவேறிப் பிடித்துக்கொண்ட போல்ட்டை எடுக்க, ஹீட் கன்னால் அந்த இடத்தை மட்டும் சூடாக்கலாம்.

என் காரில் சம்ப் இரண்டு அடுக்காக இருக்கிறது. மேலே அலுமினியம், கீழே தகரம். எதைக் கழற்ற வேண்டும்?

அடி வாங்கியதும் கசிவதும் கீழ்த் தகரம் என்றால் அதை மட்டும் கழற்றினால் போதும், பெரும்பாலும் ஸ்ட்ரெய்னரும் கைக்கு எட்டிவிடும். மேல் அலுமினிய அடுக்கு இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பாலமாக நின்று பலம் கொடுப்பது. அதைத் தொட்டால் வேலை பல மடங்கு கூடும்.

கீழ்த் தகரத்தை அறுக்கும்போது தகடு எப்போதும் தகரத்தின் பக்கமாகவே சாய்ந்திருக்கட்டும். எஃகுத் தகடும் மென்மையான அலுமினியமும் உரசினால் காயம்படுவது அலுமினியம்தான். மேலடுக்கையே பிரிக்க வேண்டி வந்தால், மேலே சொன்ன நெம்பும் காதுகளையும் தள்ளும் போல்ட்டையும்தான் முதலில் தேட வேண்டும்.

பேஸ்ட் அறுந்துவிட்டது, சம்ப் இரண்டு விரல் கீழே வந்துவிட்டது. அதற்கு மேல் இறங்கவில்லை. இப்போது என்ன?

இது ஒட்டல் இல்லை, இடப் பற்றாக்குறை. இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து இழுத்து ஸ்ட்ரெய்னர் குழாயை வளைத்துவிடுகிறார்கள். சம்ப்பின் உள்தடுப்பு ஸ்ட்ரெய்னரில் மாட்டியிருக்கலாம். அல்லது கீழே வண்டியின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரோ சைலன்சர் குழாயோ தடுக்கலாம். முதலில் சம்ப்பை முன்னும் பின்னும் சாய்த்து, எங்கே முட்டுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்படிச் சாய்க்கும்போது சம்ப் ஒரே புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்றால் அங்கே இன்னும் ஒரு போல்ட் இருக்கிறது என்று பொருள்.

ஸ்ட்ரெய்னர் தடுத்தால், கிடைக்கும் இடைவெளிக்குள் கைவிட்டு அதன் இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றிச் சம்ப்புக்குள்ளேயே விழவிட்டு, இரண்டையும் சேர்த்து எடுக்கலாம். கிராஸ் மெம்பர் தடுத்தால் ஒரு மவுண்ட்டைத் தளர்த்தி இன்ஜினை மேலே தாங்கிப் பிடித்து இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும். வீட்டு வாசலில் இதைச் செய்யாதீர்கள், பட்டறைக்கு விட்டுவிடுங்கள். கிராங்க்கின் எடைப்பகுதி தடுத்தால் மட்டும், புல்லி போல்ட்டில் சாக்கெட் வைத்து இன்ஜின் சுழலும் திசையிலேயே மெதுவாகத் திருப்பினால் வழி கிடைக்கும்.

கழற்றிய சம்ப்பின் அடியில் மினுமினுப்பாகத் தூள் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

காந்தம் வைத்துப் பாருங்கள். சேறு போன்ற மெல்லிய கரிய படிவு பல ஆண்டு ஓடிய எந்த இன்ஜினிலும் இருக்கும். காந்தத்தில் ஒட்டாத, செம்பு நிறமோ வெள்ளி நிறமோ கொண்ட செதில்கள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தால் பேரிங் தேய்கிறது. அப்போது சம்ப்பை மட்டும் மாட்டி ஓட்டுவது இன்ஜினை இழப்பதற்கு வழி. ரப்பர் போன்ற துணுக்குகள் இருந்தால், முன்பு யாரோ பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். ஸ்ட்ரெய்னரின் வலையை உடனே பாருங்கள், மீதி அங்கே அடைத்திருக்கும்.

பழைய பேஸ்ட்டை கிரைண்டரில் பிரஷ் தட்டு மாட்டித் தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறதே, ஏன் கூடாது என்கிறீர்கள்?

அந்தத் தட்டிலிருந்து உதிரும் தூள் உப்புத்தாள் தூளைப் போல அரைக்கும் பொருள். அது பிளாக்கின் உள்ளே போய், ஆயிலோடு சுற்றி, பேரிங்கை அரைக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே தன் பட்டறைகளுக்கு இதற்கெதிராகத் தனி எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியிருக்கிறது. தட்டு அலுமினியத்தையும் சேர்த்துத் தேய்த்துப் பள்ளமாக்கும், ஐந்து நிமிடத்தில் முகம் அலை அலையாகிவிடும்.

பிளாஸ்டிக் சுரண்டி, விரல் நகம், பொறுமை ஆகிய மூன்றும் போதும். பெரிய பட்டையை உரித்தபின் மிச்சத்தைப் பருத்தித் துணியில் பிரேக் கிளீனர் நனைத்துத் துடையுங்கள். துடைத்த துணியில் கறுப்பு வராமல் போகும்வரை துடைக்க வேண்டும். துளி எண்ணெய் இருந்தாலும் புதுப் பேஸ்ட் பிடிக்காது. பிளாக்கிலுள்ள போல்ட் துளைகளுக்குள் ஆயில் தேங்கியிருந்தால் காற்றடித்து எடுங்கள். மறுமுனை திறக்காத துளையில் ஆயில் இருக்கும்போது போல்ட்டை இறுக்கினால் வார்ப்பு வெடிக்கலாம்.

ஏற்கெனவே நெம்பி விளிம்பை வளைத்துவிட்டேன். சம்ப்பைத் தூக்கி எறிய வேண்டியதுதானா?

தகரச் சம்ப் என்றால் பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். சமமான கடினப் பரப்பில் விளிம்பை வைத்து, வட்டத்தலைச் சுத்தியலால் போல்ட் துளைகளைச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். அளவுக்கு மீறி இறுக்கிய சம்ப்புகளில் துளைகள் கிண்ணம் போலக் குழிந்திருக்கும், நிமிர்த்த வேண்டியது அதைத்தான். பிறகு தடித்த கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அலுமினியத்தை அடித்து நிமிர்த்தாதீர்கள், வெடிக்கும். விரிசல் விட்டிருந்தால் ஆர்கான் வெல்டிங் வைத்து, பிறகு முகத்தை மட்டம் பார்த்துத் தரலாம். செலவு புதுச் சம்ப்புக்கு அருகில் வந்தால் புதிதே மேல்.

மாட்டும்போது எவ்வளவு பேஸ்ட் போட வேண்டும்? கடையில் அனபாண்ட் என்று கேட்டால் கொடுத்தது போதுமா?

தமிழ்நாட்டுப் பட்டறைகள் பலவற்றில் எந்தப் பேஸ்ட்டுக்கும் அந்தப் பெயரையே சொல்லிக் கேட்கிறோம். அதில் தவறில்லை. இன்ஜின் ஆயிலைத் தாங்கும் சிலிகான் என்று டியூப்பில் எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். குளியலறைத் தொட்டிக்கு வைக்கும் சிலிகானைச் சிலர் போடுகிறார்கள். வினிகர் வாசம் அடிக்கும் அந்த வகை ஆயிலில் நிற்காது, உலோகத்தையும் அரிக்கும்.

சுமார் 3 மி.மீ. தடிமனில், அறுபடாத ஒரே கோடாக, போல்ட் துளைகளுக்கு உட்புறமாக வளைத்துப் போடுங்கள். டைமிங் கவரும் பிளாக்கும் சேரும் கோட்டிலும், பின் சீல் தாங்கி சேரும் கோட்டிலும் ஒரு துளி கூடுதலாக வையுங்கள். கசிவு பெரும்பாலும் அந்த மூன்று பாகங்கள் கூடும் மூலைகளிலிருந்துதான் வரும். மற்ற இடங்களில் அள்ளிப் பூசினால் வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது அறுந்து ஸ்ட்ரெய்னரில் போய் நிற்கும், அதன் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

அடுத்த முறை சுலபமாக வரட்டும் என்று ஒரு பக்கம் கிரீஸ் தடவி மாட்டலாமா?

பேஸ்ட் போடும் சம்ப்பில் கூடாது. கிரீஸ் தடவிய பக்கம் ஒட்டாது, ஒட்டாத பக்கம் கசியும். பேக்கிங் போடும் பழைய இன்ஜின்களில் இப்படிச் செய்யும் வழக்கம் இருந்தது, அதிலிருந்து வந்த எண்ணம் இது.

எவ்வளவு இறுக்க வேண்டும்? கையளவு போதும் என்கிறார்கள்.

சம்ப் போல்ட்டுகள் பெரும்பாலும் 10ஆம் நம்பர் ஸ்பானரில் வரும் 6 மி.மீ. போல்ட்டுகள். அவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இறுக்கம் தேவை. அது எவ்வளவு குறைவு என்பதை டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை இறுக்கிப் பார்த்தால்தான் கைக்குத் தெரியும். உங்கள் இன்ஜினின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். பேஸ்ட் போட்ட சில நிமிடங்களுக்குள், மேலே தோல் படருவதற்கு முன், சம்ப் மேலே ஏறியிருக்க வேண்டும். ஆகவே முதலில் பேஸ்ட் இல்லாமல் ஒருமுறை ஏற்றி இறக்கி ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

ஒரு மணி நேரத்தில் ஆயில் ஊற்றி வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். அது சரியா?

டியூப்பில் எழுதியிருக்கும் நேரம்தான் கணக்கு. பெரும்பாலான பேஸ்ட் முழுதாக இறுக ஏறக்குறைய 24 மணி நேரம் கேட்கும். மேலே சொன்னபடி அது ஈரத்தில் இறுகுவது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சீக்கிரம் இறுகும், வறண்ட கோடையில் உள்மாவட்டங்களில் தாமதமாகும். ஒரு இரவாவது விட்டுவிட்டு ஆயில் ஊற்றுங்கள். புதிய பில்டர், புதிய ஆயில். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது ஆபத்தான கழிவு. மூடியுள்ள கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் கொடுங்கள். நான் யாரிடமும் இதற்குப் பணம் வாங்குவதில்லை.

எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்தேன். இரண்டு வாரத்தில் பின்பக்கம் மறுபடியும் சொட்டுகிறது. திரும்பவும் கழற்ற வேண்டுமா?

உடனே கழற்றாதீர்கள். ஆயில் கீழ்நோக்கித்தான் ஓடும். இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரிலிருந்தோ, ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சிலிருந்தோ, கிராங்க்கின் பின் சீலிலிருந்தோ கசிந்தது பிளாக்கின் முதுகில் இறங்கிச் சம்ப் ஓரத்தில் சொட்டாக நிற்கும். பழி மட்டும் சம்ப்பின் மேல் விழும்.

இன்ஜினின் பின்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கழுவிக் காயவிடுங்கள். பிறகு முகப்பவுடரைப் பஞ்சில் எடுத்துச் சம்ப் ஓரத்திலும் அதற்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கும் தூவுங்கள். வண்டியை இருபது நிமிடம் ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. அது சம்ப் ஓரத்துக்கு மேலே தொடங்கினால் உங்கள் வேலையில் குறையில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூடான பெல் ஹவுசிங்கின் அடித்துளையிலிருந்து சொட்டினால் பின் சீலைச் சந்தேகப்படுங்கள், அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும். சரியாக ஓரத்திலேயே, அதுவும் மூலையில் தொடங்கினால், கூடுதலாக வைக்கச் சொன்ன அந்தத் துளிப் பேஸ்ட் அங்கே போதவில்லை. சம்ப்பை மறுபடி இறக்கி, முழுவதையும் துடைத்து, முதலிலிருந்து போட வேண்டும். வெளியிலிருந்து பேஸ்ட் அப்பினால் ஒரு வாரம்கூட நிற்காது.